திராட்சைத் தோட்டத்துச் சிறு வீடு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் 2010-ஆம் ஆண்டு மெக்கானிக்கல் முடித்தவன். மேடைப் பேச்சு எனக்கு வராது. படிக்கும்போது செமினார் என்றாலே காய்ச்சல் வந்துவிடும். அது என் ஆசிரியர்களுக்குத் தெரியும். செயலாளர் அவர்கள் போனில் கூப்பிட்டு, "தம்பி, ஜெர்மனியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தீங்களே, அந்த அனுபவத்தைப் பேசுங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் நான் பேசப்போவது அங்கே பார்த்த இயந்திரங்களைப் பற்றி அல்ல. ஒரு சின்ன வீட்டைப் பற்றி.

டிரெஸ்டன் நகரில் எனக்கு வேலை. எல்பே ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். அங்கே 1893-இல் திறந்த ஓர் இரும்புப் பாலம் இருக்கிறது. 'நீல அதிசயம்' என்று ஊர்க்காரர்கள் செல்லமாகச் சொல்கிறார்கள். நடுவில் சுமார் 146 மீட்டர், ஆற்றுக்குள் ஒரு தூண் கிடையாது. மெக்கானிக்கல்காரனாக இருந்தாலும் பாலத்தைப் பார்க்காமல் வர முடியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பாலத்தைத் தாண்டினால் லோஷ்விட்ஸ் என்ற பகுதி. மேடான சரிவு. அந்தக் காலத்தில் அந்தச் சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். ஏறிப் போனால் தெருவோரத்தில் ஒரு குட்டி வீடு. நம் ஊர்ப் பக்கம் தோட்டத்தில் மோட்டார் ரூம் இருக்குமே, அதைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அதுதான் 'ஷில்லர் குடில்'. டிரெஸ்டனின் மிகச் சிறிய அருங்காட்சியகம் என்று அதைச் சொல்கிறார்கள்.

ஃபிரீட்ரிஷ் ஷில்லர் ஜெர்மன் மொழியின் பெருங்கவிஞர். பிறந்தது 1759-இல். அவர் படித்த கதையைக் கேட்டால் நம் ஹாஸ்டல் மாணவர்கள் ஆறுதல் அடைவார்கள். ஊர்ப் பிரபு நடத்திய ராணுவக் கட்டுப்பாடுள்ள விடுதிப் பள்ளி அது. மதம் படித்துப் போதகராக விரும்பியவரைச் சட்டம் படி, பிறகு மருத்துவம் படி என்றார்கள். அவரோ விடுதியில் ரகசியமாக ஒரு நாடகம் எழுதினார். 'கொள்ளையர்கள்' என்று பெயர். 1782 ஜனவரியில் மன்ஹைம் நகரில் அரங்கேறியபோது ஊரே அதிர்ந்தது. ராணுவ மருத்துவராக இருந்தவர் அனுமதி இல்லாமல் நாடகத்துக்குப் போனார் என்று பிரபு அவரை இரண்டு வாரம் காவலில் வைத்தார். இனிமேல் நாடகம் எழுதக்கூடாது என்று தடையும் போட்டார். அந்த வருஷம் செப்டம்பரில் ஓர் இரவு ஷில்லர் ஊரைவிட்டே தப்பி ஓடினார்.

அதன் பிறகு பட்ட பாடு கொஞ்சமில்லை. மன்ஹைம் நாடக அரங்கில் ஒரு வருஷ ஒப்பந்த வேலை கிடைத்தது, அதையும் புதுப்பிக்கவில்லை. கடன் கழுத்தை நெரித்தது. உடம்பும் சரியில்லை.

அப்போதுதான், 1784 ஜூனில், லைப்சிக் நகரிலிருந்து முன்பின் தெரியாத நான்கு பேர் ஒரு பொட்டலம் அனுப்பினார்கள். கோர்னர் என்ற இளம் வழக்கறிஞர், அவர் மணக்கவிருந்த மின்னா, மின்னாவின் சகோதரி டோரா, ஹூபர் என்ற நண்பர். உங்கள் எழுத்தை நாங்கள் விரும்பிப் படிக்கிறோம் என்று கடிதம். கூடவே டோரா வரைந்த அவர்களுடைய படங்கள், மின்னா தைத்த கடிதப் பை, ஷில்லரின் பாட்டு ஒன்றுக்குக் கோர்னர் போட்ட மெட்டு. ஷில்லர் என்ன செய்தார் தெரியுமா? ஏறக்குறைய ஆறு மாதம் பதிலே போடவில்லை! டிசம்பரில்தான் வெட்கத்தோடு பதில் எழுதினார். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, வாருங்கள் என்று அழைத்தார்கள். 1785 ஏப்ரலில் லைப்சிக் போய்ச் சேர்ந்தார்.

இங்கேதான் நான் உங்களிடம் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. கோர்னர் பண உதவி செய்தார், சரி. உதவி செய்கிறவர்கள் எங்கும் உண்டு. அவர் உதவி செய்த விதத்தைப் பாருங்கள். அந்த ஜூலையில் ஷில்லருக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: நீங்கள் பிழைப்புக்காக வேலை செய்ய முடிவு செய்தால் உங்கள் தேவைகளை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், அது எனக்குத் தெரியும், ஆனால் ஒரு வருஷத்துக்காவது அந்தக் கவலையிலிருந்து உங்களை விடுவிக்கும் சந்தோஷத்தை எனக்குக் கொடுங்கள். அதாவது, கொடுக்கிறவர் கை கீழே இருக்கிறது, வாங்குகிறவர் கை மேலே இருக்கிறது. அப்போது கோர்னருக்கு வயது 29. ஷில்லருக்கு 25.

கோர்னர் திருமணம் செய்துகொண்டு டிரெஸ்டனில் குடும்பம் நடத்தத் தொடங்கினார். ஷில்லரும் செப்டம்பரில் பின்னாலேயே வந்தார். கோர்னருக்கு லோஷ்விட்ஸில் திராட்சைத் தோட்டம் இருந்தது. கீழே குடும்பம் தங்கும் வீடு. மேலே இந்தச் சின்ன வீடு. நண்பர் தனியாக உட்கார்ந்து எழுதட்டும் என்று அதைக் கொடுத்தார்கள். 1787 கோடை வரை ஷில்லர் டிரெஸ்டனில் இருந்தார். 'டோன் கார்லோஸ்' நாடகம் அந்தக் காலத்தில்தான் முடிந்தது. இன்று உலகம் முழுவதும் பாடுகிறார்களே, 'மகிழ்ச்சிக்கு' என்ற பாட்டு, அது 1785-இல் இந்த நண்பர் கூட்டத்தின் சந்தோஷத்தில் பிறந்தது. அதைத்தான் பேத்தோவன் 1824-இல் தம் ஒன்பதாம் சிம்பொனியில் சேர்த்தார்.

எல்லாம் காவியமாகவே இருந்தது என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை கோர்னர் குடும்பம் வெளியே போயிருந்தபோது, ஷில்லர் நாடகம் எழுதிக்கொண்டிருக்க, பக்கத்திலே துணி துவைக்கிற சத்தம். மனுஷன் கடுப்பாகி, 'கோர்னர் வீட்டுச் சலவைக் குழுவினருக்குப் பணிவான விண்ணப்பம்' என்கிற மாதிரி ஒரு கேலிப் பாட்டு எழுதி வைத்தார். நம் ஹாஸ்டலில் மெஸ் கமிட்டிக்கு எழுதிய மனுக்கள் எனக்கு ஞாபகம் வந்தன.

பிறகு காலம் ஓடியது. ஷில்லர் 1805-இல் 45 வயதில் மறைந்தார். அவர் எழுத்துகளை முதன்முதலில் தொகுத்துப் பதிப்பித்தவர் அதே கோர்னர்தான். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிலோக்ஸெரா என்ற பூச்சி வேரைத் தின்று திராட்சைத் தோட்டங்கள் அழிந்தன. சரிவுகளில் மாளிகைகள் எழுந்தன. 1945 பிப்ரவரியில் குண்டுவீச்சில் டிரெஸ்டன் நகரமே எரிந்தபோது, நகருக்குள் அருங்காட்சியகமாக இருந்த கோர்னரின் பெரிய வீடு அழிந்துபோனது. மேட்டின்மேல் இருந்த இந்தச் சின்ன வீடு தப்பித்தது. இன்று நகராட்சியின் அருங்காட்சியகங்களில் ஒன்றாக இருக்கிறது. உள்ளே பெரிதாக ஒன்றும் கிடையாது. சில படங்கள், எழுத்துப் பலகைகள், ஒரு ஜன்னல். பத்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம். எதிரே சுவரில் ஒரு நீரூற்று நினைவுச்சின்னம். அதன் பெயரில் கவிஞரோடு சேர்த்து நண்பருக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்: ஷில்லர்–கோர்னர் நினைவுச்சின்னம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஷில்லர் மறைந்து 50 ஆண்டு நிறைந்த 1855-இல், அதே டிரெஸ்டனில் யூலியுஸ் ஹாம்மர் என்ற எழுத்தாளர் ஒரு யோசனை சொன்னார். கஷ்டப்படும் எழுத்தாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் உதவ ஒரு நிதி வேண்டும் என்றார். ஷில்லரின் நூற்றாண்டான 1859-இல் ஷில்லர் அறக்கட்டளை உருவானது. லாட்டரி நடத்தியும் பணம் சேர்த்தார்கள். ஒரு நண்பர் இன்னொரு நண்பருக்குச் செய்தது, 75 வருஷத்துக்குள் ஊர் கூடிச் செய்கிற காரியமாகிவிட்டது.

அந்த வீட்டு ஜன்னலோரம் நின்றபோது எனக்கு ஷில்லர் ஞாபகம் வரவில்லை. என் ரூம்மேட் ஞாபகம் வந்தான்.

மூன்றாம் வருஷம், ஆறாவது செமஸ்டர். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் தறி ஓடவில்லை. நான்கு மாத மெஸ் பாக்கி. பாக்கி கட்டினால்தான் ஹால் டிக்கெட். ஊருக்குப் போய்விடலாம் என்று பெட்டியைக் கட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் என் டிசைன் டேட்டா புக்கைத் திறந்தால் உள்ளே மெஸ் ரசீது, என் பெயரில். கம்ப்யூட்டர் வாங்க அவன் வீட்டில் அனுப்பிய பணம் அது. கேட்டதற்கு, "டேய், நீ போயிட்டா எனக்கு தெர்மல் யாருடா சொல்லிக் குடுப்பா?" என்றான். கோர்னரின் கடிதத்தை அவன் படித்ததில்லை. ஆனால் அதே கடிதத்தைத்தான் அவன் எனக்குச் சொன்னான் என்பது, பல வருஷம் கழித்து அந்தச் சின்ன வீட்டில்தான் எனக்கு உறைத்தது.

வேலைக்குப் போன முதல் வருஷம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதோடு கணக்கு முடிந்தது என்று நினைத்தேன். பிறகு அவன் தொழில் தொடங்கி நஷ்டப்பட்டான் என்று கேள்விப்பட்டேன். அவனிடமிருந்து ஒரு கடிதம்கூட வந்தது. உதவி கேட்டு இல்லை. "எப்படிடா இருக்கே" என்று மட்டும். நான் பதில் போடவில்லை. வேலை, மாற்றல், வெளிநாடு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம், கஷ்டத்தில் இருக்கிறவனிடம் என்ன பேசுவது என்று தெரியாத கூச்சம். ஷில்லர் ஆறு மாதம் தாமதித்தார். நான் ஏழு வருஷம் தாமதித்தேன். இன்று இந்த அரங்கத்தில் அவன் இருப்பான் என்று தேடினேன். வரவில்லை.

டிரெஸ்டனிலிருந்து வந்ததும் அவனைத் தேடிப் போய்ப் பார்த்தேன். சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறான். டீ வாங்கிக் கொடுத்தான். நான் மன்னிப்பு கேட்க ஆரம்பித்தேன். அவன் தெர்மலில் எத்தனை மார்க் வாங்கினோம் என்று பேச்சை மாற்றிவிட்டான். இந்தச் சந்திப்புக்குக் கூப்பிட்டேன். "எல்லாரும் பெரிய ஆளா வருவீங்கடா" என்று சிரித்தான். நண்பர்களே, நம் சந்திப்புக்கு வரக் கூச்சப்படுகிற நண்பன் ஒருவன் இருந்தால், அது நம் குறை. அவன் குறை அல்ல.

ஆகவே சங்கத்துக்கு என் தாழ்மையான வேண்டுகோள் ஒன்று. மெஸ் பாக்கிக்காகப் பெட்டி கட்டுகிற மாணவன் இன்றும் ஹாஸ்டலில் இருப்பான். அவனுக்காக ஒரு சிறு நிதி வைப்போம். பெயர்ப் பலகை வேண்டாம். மேடையில் காசோலை கொடுத்துப் போட்டோ வேண்டாம். வார்டன் வழியாக ரசீது மட்டும் அவன் புத்தகத்துக்குள் போய்ச் சேரட்டும். என் முதல் பங்கை இன்று செயலாளரிடம் கொடுத்துவிட்டேன்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உதவி வாங்குவது கேவலம் இல்லை. ஷில்லரே வாங்கினார். ஆனால் வந்த கடிதத்துக்குப் பதில் போட மறக்காதீர்கள்.

மூத்தவர்களுக்கும் ஒன்று. இன்றிரவு வீட்டுக்குப் போனதும், இந்த அரங்கத்தில் யார் இல்லை என்று யோசித்துப் பாருங்கள். அவருக்கு ஒரு போன் செய்யுங்கள்.