தாரிலிருந்து வந்த நீலம்



எனக்குக் கொடுத்திருப்பது ஐந்து நிமிஷம். தாரைப் பற்றிப் பேசப் போகிறேன். இப்போது ரோட்டுக்குப் போடுகிற தார் இல்லீங்க; நிலக்கரியை மூடிய உலையில் சூடாக்கி வாயுவும் கோக்கும் எடுக்கும்போது மிஞ்சுகிற கறுப்புக் குழம்பு.

1856-ல் லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயது மாணவர், தாரிலிருந்து கிடைக்கும் அனிலினை வைத்து மலேரியாவுக்கான கொயினா செய்யப் பார்த்தார். கொயினா வரவில்லை, கறுப்பாக ஏதோ தங்கியது. அதை ஆல்கஹாலில் கரைத்தால் அருமையான ஊதா! செயற்கைச் சாயத் தொழில் அங்கேதான் பிறந்தது.

அடுத்த குறி, நம் நாட்டு அவுரி கொடுத்த நீலம். ஜெர்மனியில் அடால்ஃப் பேயர் 1880-லேயே அதை ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார். ஆனால் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1897-ல். 17 வருஷம், 1 கோடியே 80 லட்சம் மார்க் செலவு! ஏன்? கண்ணாடிக் குடுவையில் வந்தது, தொழிற்சாலையில் கட்டுபடியாகவில்லை. கடைசியில் கைகொடுத்தது தாரிலிருந்து எடுக்கிற நாப்தலீன். அதாங்க, நம்ம வீட்டு அந்துருண்டை. அதைக் கந்தக அமிலத்தோடு சூடாக்கும்போது பாதரசம் சேர்த்தால் வேலை சீக்கிரம் முடிகிறது என்று கண்டார்கள். கணக்கு நேர்பட்டது.

இதுவரை நம் தொழிலுக்குப் பெருமை. மறுபக்கம் பீகாரின் சம்பாரணில் இருக்கிறது. அங்கே குடியானவர் 20 கட்டா நிலம் வைத்திருந்தால் 3 கட்டாவில் துரைக்காக அவுரி போட்டே ஆகவேண்டும். செயற்கை நீலத்தால் விலை விழுந்ததும் துரைமார் நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டார்களா? இல்லை. ‘அவுரி வேண்டாம், பதிலுக்கு வாரத்தைக் கூட்டிக் கொடு, அல்லது மொத்தமாகப் பணம் கட்டு’ என்றார்கள். 1917-ல் காந்திஜி அங்கே போனார். 1918-ல் சட்டம் வந்து அந்த முறை ஒழிந்தது. அதற்குள் செயற்கை நீலம் சந்தைக்கு வந்து 21 வருஷம் ஓடிவிட்டது.

பேயர்மேல் குற்றமில்லை, தார்மேலும் இல்லை. ஆனால் புது முறையின் நஷ்டம், அதைப் பற்றிக் கேள்விகூடப் படாத ஆளின் தலையில் விழுந்தது. நாமெல்லாம் ஏதோ ஓர் ஆலையில் செலவைக் குறைக்கிற வேலைதான் பார்க்கிறோம். ‘இதனால் மிச்சம் எவ்வளவு’ என்று குறிப்பு எழுதும்போது, ‘இதனால் பிழைப்புப் போவது யாருக்கு, அவருக்கு என்ன ஏற்பாடு’ என்று இன்னொரு வரியும் சேர்த்து எழுதுவோமே!