62 புள்ளி குறைவா, நிறைவா?
சட்டம் பயிலும் பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையைப் பெற்றோர் படிக்கும் முறை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாகான் டத்தோ, ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில் தென்னையையும் செம்பனையையும் நம்பி வாழ்ந்த குடும்பங்கள் ஏராளம். அப்படிப்பட்ட ஒரு வீட்டிலிருந்து பிள்ளை சட்டம் படிக்கக் கிளம்பினால், அது அந்தப் பிள்ளையின் படிப்பு மட்டுமல்ல. அம்மாவின் நகை அடகுக்கடைக்குப் போகிறது. அப்பா பி.டி.பி.டி.என். கடன் பத்திரங்களோடு அலைகிறார். சொந்தபந்தம் எல்லாம் "நம்ம வீட்டு லாயர்" என்று சொல்லத் தொடங்கிவிடுகிறது.

முதலாண்டு முடிகிறது. தேர்ச்சி அறிக்கை வருகிறது. ஒப்பந்தச் சட்டம் 62, குற்றவியல் சட்டம் 58, அரசியலமைப்புச் சட்டம் 64. எஸ்.பி.எம். தேர்வில் ஏ மேல் ஏ வாங்கிய பிள்ளையா இது என்று வீட்டில் இடி விழுந்தது போல் ஆகிவிடுகிறது. "பட்டணத்துக்குப் போய் ஊர் சுற்றுகிறாயா?" என்ற கேள்வி வருகிறது. பிள்ளை அழுகிறது. சில பிள்ளைகள் படிப்பையே விட்டுவிடவும் துணிகின்றன.

உண்மை என்ன? பிரிட்டிஷ் சட்டப் பட்டப்படிப்பில் 70 புள்ளிக்கு மேல் எடுத்தாலே முதல் வகுப்பு. 60 முதல் 69 வரை இரண்டாம் வகுப்பின் மேல்நிலை. 50 முதல் 59 வரை இரண்டாம் வகுப்பின் கீழ்நிலை. 40 முதல் 49 வரை மூன்றாம் வகுப்பு. பெரிய வழக்கறிஞர் நிறுவனங்கள் பொதுவாக எதிர்பார்ப்பது அந்த இரண்டாம் வகுப்பின் மேல்நிலையைத்தான். ஆக, 62 புள்ளி எடுத்த பிள்ளை திட்டு வாங்க வேண்டிய பிள்ளையல்ல. தட்டிக்கொடுக்க வேண்டிய பிள்ளை. லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்தை மலேசியாவிலிருந்தபடியே படித்தவர்கள் பல்லாயிரம் பேர். அவர்களுக்கும் இதே அளவுகோல்தான்.

உள்நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகத்தில் கணக்கு வேறு. அங்கே 4.00-ஐ உச்சமாகக் கொண்ட சி.ஜி.பி.ஏ. முறை. முதல் வகுப்பின் எல்லை 3.50 என்று ஓரிடத்திலும், 3.67 அல்லது 3.70 என்று வேறிடத்திலும் இருக்கும். ஒரே 3.60 ஓரிடத்தில் முதல் வகுப்பாகும்; இன்னோரிடத்தில் ஆகாது. இது வெறும் கௌரவப் பிரச்சினை அல்ல. முதல் வகுப்பில் தேறும் பி.டி.பி.டி.என். கடனாளிகளுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்கு உண்டு. எனவே எல்லை எது என்பதை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

மூன்றாவது முறைதான் பலருக்கும் புரியாத புதிர். அதில் பிள்ளை எத்தனை புள்ளி எடுத்தது என்பதைவிட, வகுப்பில் எத்தனையாவதாக வந்தது என்பதே தரத்தைத் தீர்மானிக்கிறது. 60 பேர் கொண்ட வகுப்பில் 12 பேருக்கு மட்டுமே ஏ என்று வைத்துக்கொள்வோம். 78 புள்ளி எடுத்தவர் பதின்மூன்றாவது ஆளாக நின்றால் அவருக்கு பி-தான். இதைத்தான் 'பெல் கர்வ்' என்கிறார்கள். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இது பரவலாக உள்ளது. அங்கே முதலாண்டுத் தரவரிசையை வைத்தே பெரிய நிறுவனங்கள் மாணவர்களை நேர்காணலுக்கு அழைப்பது நெடுநாள் வழக்கம். இதனால் ஏற்படும் நெருக்கடி கொஞ்சமல்ல. யேல் சட்டக் கல்லூரி மாணவர்களை வரிசைப்படுத்துவதில்லை. ஹார்வர்ட் சட்டக் கல்லூரியும் ஏ, பி என்ற எழுத்துத் தரங்களைக் கைவிட 2008-இல் முடிவு செய்தது.

அமெரிக்காவுக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பக்கத்து சிங்கப்பூரின் தேசியப் பல்கலைக்கழகத்திலும் 'பெல் கர்வ்' மாணவர்களுக்குப் பழக்கப்பட்ட சொல்தான். அதன் சட்டப் பட்டத்தை மலேசியாவின் 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் நேரடியாக ஏற்றுக்கொள்கிறது. பிரிட்டிஷ் பட்டதாரிகளோ, அங்கே பாரிஸ்டர் ஆகாவிட்டால், இங்கு வந்து ஐந்து தாள்கள் கொண்ட சி.எல்.பி. தேர்வைத் தாண்டியாக வேண்டும். அது எவரையும் முந்தவேண்டிய தேர்வல்ல, தேறவேண்டிய தேர்வு. அதன் பிறகு அனைவருக்கும் பொதுவானது ஒன்பது மாத 'சேம்பரிங்' பயிற்சி.

அந்தப் பயிற்சி இடத்தைப் பிடிப்பதில்தான் புள்ளிகளின் பலன் தெரியும். இங்கே ஒரு சின்னக் கணக்கு. நான்காண்டுப் படிப்பில் எட்டுப் பருவங்கள். முதல் இரண்டு பருவத்தில் 2.60, மீதி ஆறு பருவத்தில் 3.40 என்றால், பாடச்சுமை சமமாக இருக்கும் நிலையில் இறுதி சி.ஜி.பி.ஏ. 3.20. ஆனால் பல மாணவர்கள் இறுதியாண்டு முடியும் முன்பே விண்ணப்பிக்கிறார்கள். ஆறு பருவம் முடிந்த நிலையில் அது 3.13 மட்டுமே. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாயில் இடைநிலைக் கல்வி கற்று, ஆங்கிலத்தில் சட்டம் படிக்கும் பிள்ளை முதலாண்டில் தடுமாறுவது இயல்பு. அந்தத் தடுமாற்றம் கடைசி வரை எண்ணில் ஒட்டிக்கொண்டே வரும். ஆகவே விண்ணப்பத்தில் வெறும் சி.ஜி.பி.ஏ.-ஐ மட்டும் எழுதாமல், பருவவாரியாக ஏறிய ஏற்றத்தையும் காட்ட வேண்டும். நன்கு அறிந்த விரிவுரையாளரிடம், "எண்பது பேரில் முதல் பத்துக்குள் வந்த மாணவி" என்பது போன்ற விவரம் அடங்கிய பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்கலாம். எண்ணுக்கு அர்த்தம் தருவது அந்த ஒரு வரிதான்.

கோலாலம்பூர்ப் பெரிய நிறுவனங்கள் மட்டுமே வழக்கறிஞர் தொழில் அல்ல. தெலுக் இந்தானிலும் ஈப்போவிலும் நீதிமன்றம் ஏறும் சிறிய அலுவலகங்கள் உண்டு. வேலைநீக்கக் கடிதத்தோடு வந்து நிற்கும் ஒரு தொழிலாளியிடம் தமிழில் விவரம் கேட்டு, மலாயில் மனு எழுதத் தெரிந்தவருக்கு அங்கே தனி மதிப்பு. தேர்ச்சி அறிக்கையில் அதற்குப் புள்ளி கிடையாது. பேராக்கில், கம்பார் அருகே 2014-இல் சாலை விபத்தில் காலமான கர்ப்பால் சிங், சட்டப் படிப்பை முடிக்க வழக்கத்தைவிட அதிக ஆண்டுகள் எடுத்துக்கொண்டவர். பிறகு நாடே அறிந்த வழக்கறிஞரானார். இது படிக்காமல் இருப்பதற்குச் சாக்கு அல்ல. ஒரு தேர்ச்சி அறிக்கை ஒரு மனிதரை முழுதாகச் சொல்லிவிடாது என்பதற்குச் சான்று.

பெற்றோர்களே, அறிக்கை கைக்கு வந்ததும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் புள்ளிக்கு எல்லை எது? இது தனிப் புள்ளியா, மற்றவர்களோடு ஒப்பிட்ட தரமா? சென்ற பருவத்தைவிட ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா? பதில் தெரிந்த பிறகு பாராட்டுங்கள், தேவையானால் கண்டியுங்கள். அளவுகோல் தெரியாமல் அளந்தால், நன்றாகப் படிக்கும் பிள்ளையின் மனத்தை வீணாக உடைத்தவர்களாவோம்.