ஏணியை இறக்கிய தண்ணீர்

லண்டனின் புறநகர்த் தெருக்களில் காலை வேளையில் நடந்தால் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கலாம். நடைபாதையோரம் ஒரு வேன் நிற்கும். அதன் பின்கதவிலிருந்து மெல்லிய ஹோஸ் ஒன்று வீட்டு முகப்புவரை நீண்டு கிடக்கும். தரையில் நின்றபடியே ஒருவர், நுனியில் பிரஷ் பொருத்திய நீளமான கம்பத்தை உயர்த்தி மாடி ஜன்னலைத் தேய்த்துக்கொண்டிருப்பார். சோப்பு கிடையாது. துடைக்கத் துணியும் கிடையாது. கண்ணாடியை ஈரமாகவே விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். சற்று நேரத்தில் அது தானே காயும். ஒரு புள்ளியோ கோடோ இருக்காது.

இந்த வேலையின் சூட்சுமம் முழுவதும் அந்த வேனுக்குள் இருக்கிறது. மதிப்பாகப் பேசப்பட வேண்டிய ஒரு கைத்திறன் அது என்று நினைக்கிறேன்.

லண்டன் குழாய்த் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றிக் காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். அந்தத் தண்ணீர் தேம்ஸ், லீ ஆறுகளிலிருந்தும் சுண்ணப் பாறை அடுக்குகளிலிருந்தும் வருவது. சுண்ணத்தில் ஊறும் மழைநீர் கால்சியத்தைக் கரைத்துக்கொண்டு வரும். காயும்போது கரியமில வாயு பிரிந்து போய், கரையாத கால்சியம் கார்பனேட் கண்ணாடியோடு தங்கிவிடும். ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்துள்ளன என்பதைத்தான் டி.டி.எஸ். என்கிறோம். லண்டனில் பல இடங்களில் அது 300ஐத் தாண்டும். ஜன்னல்காரருக்கு வேண்டியது பூஜ்யம். 10 வரை வந்தால் பொறுத்துக்கொள்வார்.

கிளாஸ்கோவில் கதை வேறு. அந்த நகரம் 1859 முதல் காத்ரின் ஏரியின் தண்ணீரைக் குடிக்கிறது. கடினமான பழம்பாறைகள் மேல் வழிந்து சேர்வதால் அந்த ஏரிநீரில் உப்பு மிகக் குறைவு. ஆகவே அங்கே தொழில் செய்பவரின் வேனும் லண்டன்காரரின் வேனும் ஒன்றாக இருக்கக் கூடாது. பெட்டியோடு வரும் முழு பில்டர் செட்டையும் ஊர்த் தண்ணீரை அளந்து பாராமல் வாங்கி மாட்டுபவர்கள் நிறைய. டி.டி.எஸ். மீட்டரைக் குழாயடியில் ஒருமுறை நனைத்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும்.

இனி லண்டன் வேனின் உள்ளே போவோம். முதலில் செடிமென்ட் பில்டர், அதாவது மண் பில்டர். 5 மைக்ரான் அளவுள்ள துருவையும் மண்ணையும் பிடித்துவைக்கும். அடுத்தது கார்பன் பில்டர், குளோரினை எடுத்துவிடும். குளோரினை ஏன் எடுக்க வேண்டும்? மூன்றாவதாக வரும் ஆர்.ஓ. மெம்பிரேனுக்காக, அதாவது எதிர்ச் சவ்வூடுபரவல் சவ்வுக்காக. அதன் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1960ஐ ஒட்டிக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் சேர்ந்து, உப்பைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் போதிய வேகத்தில் விடக்கூடிய முதல் சவ்வை உருவாக்கினார்கள். அது செல்லுலோஸ் அசிடேட். 1970களில் ஜான் கடோட் என்ற அமெரிக்கர் பாலி அமைடாலான மெல்லிய படலத்தைக் கொண்டுவந்தார். குறைந்த அழுத்தத்திலேயே அதிகத் தண்ணீர் தருவது அதன் சிறப்பு, ஆனால் குளோரின் பட்டால் அரித்துப்போகும். நம் சமையலறைச் சுவரில் தொங்கும் ஆர்.ஓ. மெஷினில் இருப்பதும் அந்த வகைதான். பெரிய வேன்களில் அதே சவ்வு 4 அங்குல விட்டமும் 40 அங்குல நீளமுமாக இருக்கும்.

மெம்பிரேன் நூற்றில் தொண்ணூற்றைந்து பங்கு உப்பைத் தடுத்துவிடும். மிச்சத்தைப் பிடிக்கக் கடைசியில் ரெசின் பாத்திரம். நேர் அயனியைப் பிடிக்கும் மணிகளும் எதிர் அயனியைப் பிடிக்கும் மணிகளும் கலந்து நிரப்பியது அது. இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். டி.டி.எஸ். 300 உள்ள தண்ணீரை நேரே ரெசினில் விட்டால், 10 லிட்டர் ரெசின் ஏறத்தாழ 1,000 லிட்டரில் தீர்ந்துவிடும். ஒரு நாளைக்கு 400 லிட்டர் செலவழிப்பவருக்கு அது மூன்று நாள்கூட வராது. மெம்பிரேனைத் தாண்டி 15 ஆகக் குறைந்த தண்ணீரை விட்டால் அதே ரெசின் இருபது மடங்கு உழைக்கும். மண் பில்டர் கார்பனைக் காக்கிறது, கார்பன் மெம்பிரேனைக் காக்கிறது, மெம்பிரேன் ரெசினைக் காக்கிறது. இந்த வரிசைதான் இந்தக் கலையின் உயிர். மலிவான கார்பன் பில்டரை மாற்றாமல் விட்டால், விலை கூடிய மெம்பிரேன் முதலில் சாகும். அதைத் தொடர்ந்து ரெசின் செலவு ஏறும்.

தூய நீருக்குப் பசி அதிகம், அழுக்கைத் தானே இழுத்துவிடும் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. அதை நான் ஏற்பதில்லை. அழுக்கைக் கிளப்புவது பிரஷும் அதைப் பிடித்த கையும். தூய நீர் செய்வது, கிளம்பிய அழுக்கை அலசிக் கொண்டுபோய், தன் சுவடு ஏதும் விடாமல் காய்வது. சட்டத்தையும் மேல்விளிம்பையும் முதலில் தேய்க்காமல் கண்ணாடியை மட்டும் அலசினால், மேலிருந்து அழுக்கு வடிந்து கோடு போடும். மீட்டர் பூஜ்யம் காட்டினாலும் அதைத் தடுக்க முடியாது.

ஒரு வேனைக் காட்டி எப்படி என்று கேட்டால், பலரும் மீட்டரைத்தான் பார்ப்பார்கள். நான் குனிந்து வேனின் தரையைப் பார்க்கச் சொல்வேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 600 லிட்டர் டேங்க் நிரம்பினால் 600 கிலோ. சின்ன வேன்கள் பலவற்றின் சுமைத்திறனே அதற்குப் பக்கம்தான். டேங்கும் இரும்புச் சட்டகமும் பம்பும் கம்பங்களும் சேர்ந்தால் சட்ட அளவைத் தாண்டிவிடும். அதைவிட முக்கியமானது மோதல். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலோ மோதி அரை மீட்டருக்குள் நின்றால், அந்த 600 கிலோ ஓட்டுநரின் முதுகுப் பக்கம் ஏறத்தாழ 12 டன் விசையோடு பாயும். நைலான் பட்டையால் கட்டிவைத்த டேங்க் என்ன ஆகும்? உள்ளே தடுப்புத் தகடுகள் உள்ள டேங்க் வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பிரேக்குக்கும் தண்ணீர் முன்னும் பின்னும் அலைந்து வண்டியைத் தள்ளும். டேங்கைச் சுற்றி எஃகுச் சட்டகம், அதன் போல்ட்டுகள் தரையைத் துளைத்து அடியில் கெட்டித் தகட்டோடு இறுக்கப்பட்டு, முடிந்த இடத்தில் சேசிஸோடு பிணைந்திருக்க வேண்டும். இந்தச் செலவில் சிக்கனம் பிடிப்பவரைத் திறமைசாலி என்று என்னால் சொல்ல முடியாது.

பம்ப், பேட்டரி பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 12 வோல்ட் டயாபிரம் பம்ப், அதற்குத் தனி பேட்டரி, நிமிடத்துக்கு ஒன்றிரண்டு லிட்டர் போகும்படி வேகத்தைக் குறைக்க ஒரு கன்ட்ரோலர், 100 மீட்டர் ஹோஸ். நல்ல பொருள் வாங்கினால் தொல்லை இல்லை.

குளோரின் போன தண்ணீருக்குக் கிருமித் தடுப்பும் போய்விடுகிறது என்பதைப் பலரும் நினைத்துப்பார்ப்பதில்லை. 20 முதல் 45 டிகிரி வெதுவெதுப்பில் தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். அதைத் தூவலாக மூச்சில் இழுத்தால் நுரையீரலைத் தாக்கும். ஆகவே வெளிச்சம் புகாத டேங்க், விடுமுறைக்குப் போகும் முன் காலி செய்வது, ஆண்டுக்கு ஒருமுறையாவது கழுவுவது என்பவை எல்லாம் தொழிலின் பகுதி. குளிர்காலத்தில் சிக்கல் வேறு. மெம்பிரேன் தரும் நீரின் அளவு 25 டிகிரிக்குக் கணக்கிடப்பட்டது. 5 டிகிரிக் குழாய்த் தண்ணீரில் பாதிதான் தரும். உறைந்தால் மெம்பிரேன் கெட்டே போகும்.

இத்தனை பாடும் எதற்கு? ஏணிக்காக. பிரிட்டனில் வேலையிடத்துச் சாவுகளுக்குப் பெரும்பாலான ஆண்டுகளில் முதல் காரணம் உயரத்திலிருந்து விழுவது. 2005 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த உயரப் பணி விதிமுறைகள், தவிர்க்க முடிந்தால் மேலே ஏறாதே என்று தொடங்குகின்றன. தரையில் நின்று செய்ய வழி இருக்கும்போது ஏணியில் ஏற்றுவதற்கு முதலாளி பதில் சொல்ல வேண்டும். 1990களிலேயே பரவத் தொடங்கியிருந்த இந்தக் கம்ப முறைக்கு அது பெரிய உந்துதல். ஈரத் தரையில் சாய்த்த ஏணியில் ஒரு கையால் தொங்கி வேலை செய்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று தரையில் நிற்கிறார்கள். எனக்கு இந்த வேன் பிடித்துப்போனதற்கு இதுவே முதல் காரணம். ஒன்றை மட்டும் எச்சரிக்க வேண்டும்: கார்பன் இழைக் கம்பம் மின்சாரத்தைக் கடத்தும். தலைக்கு மேல் மின்கம்பி போகும் இடத்தில் அதை நிமிர்த்தவே கூடாது.

எனக்கு இதில் மனம் ஒப்பாதது கழிவுநீர். ஒரு லிட்டர் நல்ல நீருக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் வெளியே போகிறது. ஆர்.ஓ.வை வேனிலேயே வைத்தால் அது தெருச் சாக்கடைக்குத்தான் போகும். வீட்டு கராஜில் வைத்து, வேனில் டேங்கும் பம்பும் மட்டும் ஏற்றினால், கழிவைத் தோட்டத்துக்கோ கழிவறைத் தொட்டிக்கோ திருப்பலாம். வண்டியின் பாரமும் குறையும். அடுக்குமாடியில் குடியிருந்து கராஜ் இல்லாதவருக்கு வேனைவிட்டால் வேறு இடமில்லை என்பதும் உண்மை. மழைநீரைச் சேர்ப்பவர்களும் உண்டு. அதில் உப்பு மிகக் குறைவு. மண் பில்டரும் ரெசினும் போதும், கழிவே இல்லை. லண்டனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழை, சென்னையில் பெய்வதில் பாதிகூட இல்லை. ஆனாலும் 50 சதுர மீட்டர் கூரையில் அது 30,000 லிட்டர். சேதாரம் போக இரண்டு, மூன்று மாத வேலைக்குக் காணும். தொட்டி வைக்க இடமிருப்பவர் மெம்பிரேன் வாங்கும் முன் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.