மேகத்தில் ஒரு கைநாட்டு



ஒருவரைக் ‘கைநாட்டுப் பேர்வழி’ என்று சொன்னால், அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று பொருள் கொள்வது நம் ஊர் வழக்கு. இன்றோ பட்டம் பெற்றவர்களே நாள்தோறும் பலமுறை கைநாட்டு வைக்கிறார்கள், மைதான் இல்லை. கைப்பேசியைத் திறக்கவும், வங்கிக் கணக்கைப் பார்க்கவும் விரலையோ முகத்தையோ காட்டுகிறார்கள். பயோமெட்ரிக் என்று வழங்கும் இம்முறை மேகக் கணிமையோடு சேரும்போது எழும் ஒரு சிக்கலைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

மேகம் என்றவுடன் வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டா. குளிரூட்டிய பெருங்கட்டடங்களில் அடுக்கடுக்காக நிற்கும் கணிப்பொறிகளே அந்த மேகம். 2006-ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம் தன் கணிப்பொறிகளின் ஆற்றலை, மின்சாரத்தைப் போல அளந்து வாடகைக்கு விடத் தொடங்கியபின் இவ்வழக்கம் பெரிதும் பரவிற்று. நம் கடிதமும் படமும் கணக்கும் பிறர் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கின்றன. ஆகவே, கதவைத் தட்டுகிறவர் உரியவர்தாமா என்பதை ஆளைப் பாராமலே அறிந்தாக வேண்டும்.

ஆளை அறிய உடலையே சான்றாகக் கொள்ளும் எண்ணம் நம் நாட்டிற்குப் புதிதன்று. 1858-இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, சாலைக்குச் சரளை வழங்க ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் கையை ஒப்பந்தத்தின்மேல் பதித்து வாங்கினார். 1897-இல் கல்கத்தாவில் விரல் ரேகை நிலையம் அமைந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கிற்காக உழைத்தவர்கள் அஜீஸுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்ற இரு இந்தியர்கள். முறைக்கு வாய்த்த பெயரோ அவர்களின் மேலதிகாரி ஹென்றியினுடையது! அது நிற்க.

கடவுச்சொல்லுக்கும் விரலுக்கும் உள்ள வேற்றுமையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒழுங்காக நடக்கும் நிறுவனம் நம் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை. அதனை ஒரு கணித ஆலையில் அரைத்து, மாவாக வைத்துக்கொள்கிறது. மாவிலிருந்து மீண்டும் நெல்லைப் பெற இயலாதல்லவா? மறுநாள் நாம் தரும் சொல்லையும் அவ்வாறே அரைத்து, மாவும் மாவும் ஒத்தால் கதவைத் திறக்கிறது. ஓர் எழுத்து மாறினாலும் மாவு முற்றிலும் வேறாகிவிடும். விரலோ ஒருமுறை பதிந்ததுபோல் மறுமுறை பதிவதில்லை. வியர்வை, அழுத்தம், சாய்வு, சிறு கீறல் எல்லாம் அதனை மாற்றுகின்றன. எனவே, ரேகைகள் முடியும் இடங்களையும் கிளைக்கும் இடங்களையும் குறித்த ஒரு வரைபடத்தை, ஒப்பிடுவதற்கு உதவும் வடிவிலேயே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. ‘இவ்வளவு ஒத்தால் போதும்’ என்று ஓர் எல்லையும் வகுக்க வேண்டியிருக்கிறது. எல்லையை இறுக்கினால் உரியவரே வாயிலில் நிற்பார். தளர்த்தினால் அயலார் உள்ளே வருவார். இரண்டையும் ஒருங்கே ஒழிக்கும் எல்லை கிடையாது.

இதனை நம் நாட்டிலேயே காணலாம். 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் தெம்ப்லி என்னும் சிற்றூரில் முதல் ஆதார் எண்கள் வழங்கப்பட்டன. பத்து விரல், இரு கருவிழி, முகம் ஆகியவை நடுவண் களஞ்சியத்தில் பதிவாகின்றன. அது வாடகை மேகமன்று. ஆயினும் வேலை நடக்கும் விதம் அதுவே. நியாயவிலைக் கடையில் வைத்த விரலின் செய்தி பூட்டப்பட்டு வெகுதொலைவு சென்று, ‘ஆம்’ அல்லது ‘அன்று’ என்ற விடையோடு திரும்புகிறது. கொத்து வேலையிலும் வயல் வேலையிலும் ரேகை தேய்ந்த கைக்கு ‘அன்று’ என்ற விடை வந்தால், அன்றைய அரிசி என்னாவது? கருவிழி, முகம், கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீடு என மாற்று வழிகள் வகுக்கப்பட்டுள்ளன. ஆனால், அவை சட்டப் புத்தகத்தில் இருந்தால் போதா. கடைக்காரரின் கையெட்டும் தொலைவில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மற்றொரு கவலை களவு பற்றியது. 2015-இல் அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்துக் கணிப்பொறிகளில் நடந்த களவில், ஏறத்தாழ 56 இலட்சம் பேரின் விரல் ரேகைகள் பறிபோயின. கடவுச்சொல் போனால் மாலைக்குள் வேறொன்று வைத்துக்கொள்ளலாம். விரலுக்கு எங்கே போவது? ரேகை கையில் கிடைத்தால் என்ன செய்யலாம் என்பதை, ஜப்பானியப் பேராசிரியர் மட்சுமோட்டோ 2002-லேயே காட்டிவிட்டார். மிட்டாய்க்குப் பயன்படும் ஜெலட்டினால் விரல் செய்து, அக்காலத்துக் கருவிகள் பலவற்றை ஏமாற்றினார்.

பரிகாரம் என்ன? ரேகையை வேண்டுமென்றே ஒரு விதிப்படி உருமாற்றிப் பதிவு செய்து, களவு போனால் விதியையே மாற்றிவிடும் உபாயத்தை ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர்கள் 2001-இல் முன்வைத்தனர். பூட்டைத் திறவாமலே உள்ளிருப்பதைக் கொண்டு கணக்கிடும் வழியை 2009-இல் கிரெய்க் ஜென்ட்ரி காட்டினார். அதற்கு ஆகும் நேரம்தான் மிகுதி. எனக்கு மிகப் பிடித்தது எளிய வழி: விரல் மேகத்திற்குப் போகவே வேண்டா! பாஸ்கீ என்பது இவ்வகையே. கைப்பேசி விரலைத் தனக்குள்ளேயே சரிபார்க்கும். சரியென்றால், தன் இரகசியத் திறவுகோலால் மேகம் விடுத்த வினாவிற்கு ஒப்பமிடும். மேகத்திடம் இருப்பது அந்த ஒப்பத்தைச் சோதிக்கும் பொதுத் திறவுகோல் மட்டுமே. அதைத் திருடுகிறவனுக்கு ஒரு பயனும் இல்லை.

இவ்வழி எல்லா இடத்திற்கும் பொருந்தாது. தனக்கென ஒரு கைப்பேசி இல்லாத மூதாட்டிக்கு இது உதவாது. ஆனால், கல்லூரியில் வருகைப் பதிவிற்கு விரல் கேட்கும் கருவியைப் பற்றி மாணவர்கள் வினவலாம். ரேகை அந்தப் பெட்டிக்குள் தங்குகிறதா, விற்றவரின் மேகத்திற்குச் செல்கிறதா? நீங்கள் படிப்பை முடித்துச் சென்றபின் அதனை அழிப்பவர் யார்? இவற்றிற்கு எழுத்தில் விடை கேட்டுப் பெறலாம்.