பில் அவர்களுக்கு, நேரக்கணக்கு நமக்கு



கனடாவின் டொராண்டோ நகரில் மைக் மெக்டெர்மென்ட் என்பவர் சிறிய வடிவமைப்பு நிறுவனம் ஒன்றை நடத்திவந்தார். கிளையன்ட்களுக்கு வேர்டில்தான் பில் போடுவார். பழைய பில்லைத் திறப்பார், பெயரையும் தொகையையும் மாற்றுவார், அச்செடுப்பார். 2003-இல் ஒருநாள், மாற்றிய பில்லை வேறு பெயரில் சேமிக்காமல் பழையதன் மேலேயே சேமித்துவிட்டார். பழைய பில் போயே போய்விட்டது. அந்த எரிச்சலில் அவர் எழுதத் தொடங்கிய மென்பொருள்தான் இன்று ஃப்ரெஷ்புக்ஸ் என்ற பெயரில் உலகமெங்கும் விற்பனையாகிறது.

நம் ஊரிலும் வலைத்தளம் செய்கிறவர்கள், லோகோ வரைகிறவர்கள், வீடியோ எடிட் செய்கிறவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், நான்கைந்து பேரை வைத்து விளம்பர ஏஜென்சி நடத்துகிறவர்கள் என்று பலர் அதே முறையில்தான் பில் போடுகிறார்கள். மாதக் கடைசியில் வாட்ஸ்அப்பைப் புரட்டிப் பார்த்து, எந்த நாள் யாருக்கு என்ன செய்தோம் என்று நினைவுபடுத்தி, எக்செலில் ஒரு பில் தட்டுகிறார்கள். வேலை கூடக் கூட இது தாங்காது. அப்போதுதான் நேரக்கணக்கையும் பில்லையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் மென்பொருளைத் தேடத் தொடங்குகிறோம். எதை வாங்குவது என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

தேடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது டைமரை. பொத்தானை அழுத்தினால் மணி ஓடுகிறதா, கைபேசியில் அழகாக இருக்கிறதா, வண்ண வண்ணமாக வரைபடம் காட்டுகிறதா என்று பார்த்து மயங்கிவிடுகிறோம். நான் அந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்வேன். முதலில் பில்லைப் பாருங்கள். பில் என்பது உங்கள் விருப்பப்படி அமைவதல்ல. அதற்குச் சட்டம் இருக்கிறது, வாங்குகிற கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவு இருக்கிறது, உங்கள் ஆடிட்டர் இருக்கிறார். இவர்கள் மூவரும் ஏற்காத பில்லை எவ்வளவு அழகான மென்பொருள் போட்டுக் கொடுத்தாலும் பணம் வராது.

2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி நடைமுறையில் இருக்கிறது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்ச ரூபாயைத் தாண்டினால் தமிழ்நாட்டில் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்தவர் போடும் பில்லில் வரிசை எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். அது 16 எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது. ஒரே நிதியாண்டில் ஒரே எண் இரண்டு முறை வரக் கூடாது. வேர்டில் காப்பி எடுத்துப் போடும் பில் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். கோவையில் இருக்கும் நீங்கள் சென்னைக் கம்பெனிக்குப் பில் போட்டால் மத்திய ஜிஎஸ்டி 9, மாநில ஜிஎஸ்டி 9 என்று இரண்டாகப் பிரிய வேண்டும். அதே வேலையைப் பெங்களூரு கம்பெனிக்குச் செய்தால் ஐஜிஎஸ்டி 18 என்று ஒரே வரியாக வர வேண்டும். கிளையன்டின் மாநிலத்தைப் பார்த்து மென்பொருள் தானே இதை மாற்றிப் போடுகிறதா என்று சோதியுங்கள். பதிவு செய்யாத சிறிய ஃப்ரீலான்ஸராக இருந்தால் பில்லில் ஜிஎஸ்டி வரியே வரக் கூடாது. வசூலிக்க உங்களுக்கு உரிமை இல்லை. ஆண்டு வரவு 5 கோடியைத் தாண்டிய ஏஜென்சி என்றால் மற்ற நிறுவனங்களுக்குப் போடும் பில்களை அரசின் இ-இன்வாய்ஸ் தளத்தில் பதிந்து, கியூஆர் குறியீட்டோடுதான் கொடுக்க வேண்டும்.

வெளிநாட்டு மென்பொருள்கள் பலவற்றில் இந்த வரிப் பிரிவை எப்படியோ அமைத்துக்கொள்ளலாம். பணம் கொடுப்பவரே வருமான வரியைப் பிடித்துக்கொள்ளும் டிடிஎஸ் விஷயத்தில்தான் சிக்கிக்கொள்வோம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு கம்பெனிக்கு ஒரு லட்ச ரூபாய் வேலை முடித்துக் கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி 18,000 சேர்த்துப் பில் 1,18,000. தொழில்முறைச் சேவைக்கு அவர்கள் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கிறார்கள். ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் பிடித்தம் அந்த ஒரு லட்சத்துக்கு மட்டும்தான். ஆக 10,000 போக 1,08,000 உங்கள் வங்கிக் கணக்கில் விழும். பிடித்த 10,000 காணாமல் போகவில்லை. உங்கள் பான் எண்ணில் நீங்கள் கட்டிய வரியாக வருமான வரித் தளத்தில் ஏறியிருக்கும். கணக்கு முடிந்தது. ஆனால் டிடிஎஸ் என்றால் என்னவென்றே தெரியாத மென்பொருள், இந்தப் பில்லில் இன்னும் 10,000 பாக்கி என்றே காட்டிக்கொண்டிருக்கும். நினைவூட்டல் கடிதம் தானாகப் போகும்படி வைத்திருந்தீர்கள் என்றால், ஒழுங்காகப் பணம் கொடுத்த கம்பெனிக்கே வாராவாரம் பாக்கி கேட்டு மெயில் போகும். அந்த அக்கவுண்டன்ட்டுக்கு உங்கள் மேல் என்ன மதிப்பு இருக்கும்? ஆண்டு முடிவில் உங்கள் ஆடிட்டர் ஒவ்வொரு பில்லாக உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியிருக்கும். அதனால், பணம் வந்ததைப் பதியும் திரையில் டிடிஎஸ் பிடித்தம் என்று ஒரு கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உள்நாட்டுக் கம்பெனிகளோடு வேலை செய்கிறவர்கள் அந்த மென்பொருளை விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து.

இன்னொன்று. கொடுத்துவிட்ட பில்லில் தவறு இருந்தால் அதை அழித்துவிட்டு வேறு போடுவது முறையல்ல. தொகையைக் குறைக்க வேண்டும் என்றால் கிரெடிட் நோட் போட வேண்டும். அனுப்பிய பில்லைச் சத்தமில்லாமல் திருத்த விடுகிற மென்பொருள் வசதியானதுபோலத் தோன்றும். உங்களிடம் ஒரு தொகை, அவர்களிடம் ஒரு தொகை என்று ஆகும்போதுதான் வினை தெரியும்.

வெளிநாட்டுக் கிளையன்ட் வைத்திருப்பவர்களுக்குச் சேதி வேறு. சேவை ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி கட்டாமலேயே பில் போடலாம். அதற்கு எல்யூடி என்ற உறுதிக் கடிதத்தை ஆண்டுதோறும் ஜிஎஸ்டி தளத்தில் பதிய வேண்டும், பில்லிலும் எல்யூடியின் கீழ் ஏற்றுமதி என்ற வாசகம் இருக்க வேண்டும். பில் டாலரில் இருக்கும், உங்கள் கணக்கு ரூபாயில் இருக்கும். அன்றைய மாற்று விகிதத்தைப் பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்கிறதா என்பதைப் பாருங்கள்.

பணம் தாமதமாவதைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமை பெறாது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் ஃப்ரீலான்ஸர்களுக்கும் கைகொடுக்கக் கூடியது. உத்யம் என்ற அரசுப் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படியும் 45 நாளுக்கு மிகாமல் பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இந்த நாள்கணக்கு தொடங்குவது, வேலையை அவர்கள் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் வரவில்லையென்றால், ஒப்படைத்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகக் கருதப்படும். ஆக, என்றைக்கு ஒப்படைத்தோம் என்பது மறுக்க முடியாதபடி எங்கேயாவது பதிவாகியிருக்க வேண்டும். பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுவதற்கும், ஒப்படைத்த தேதியைக் குறிப்பதற்கும் இடம் தருகிற மென்பொருளைத் தேடுங்கள். சட்டத்தைக் காட்டிக் கிளையன்டை மிரட்டச் சொல்லவில்லை. அந்த இரண்டு வரிகள் பில்லில் இருந்தால், பணம் கொடுக்கும் பிரிவில் உங்கள் பில் அடுக்கின் அடியில் கிடக்க வாய்ப்புக் குறைவு.

இனி நேரக்கணக்குக்கு வருவோம்.

ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித் என்ற அமெரிக்க வழக்கறிஞர் 1919-இல் பாஸ்டன் நகரின் ஹேல் அண்ட் டோர் சட்ட நிறுவனத்தில் நிர்வாகப் பொறுப்பேற்றார். ஒரு மணி நேரத்தைப் பத்தாகப் பிரித்து, ஆறு நிமிடத்துக்கு ஒரு கூறு என்று வழக்கறிஞர்கள் தங்கள் வேலையை எழுதி வைக்கும் முறையைப் பரப்பியவர் அவர்தான். மணிக்கணக்கில் பில் போடும் வழக்கம் அவரிடமிருந்து வந்ததாகச் சொல்வார்கள். ஆனால் அவர் முதலில் விரும்பியது, ஒரு வழக்கை நடத்த உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று நிறுவனத்துக்குத் தெரிய வேண்டும் என்பதைத்தான். மணிக்கணக்குப் பில் அமெரிக்காவில் பரவலானது பல பத்தாண்டுகள் கழித்துத்தான்.

நம் நிலைமைக்கு ஸ்மித்தின் அந்த முதல் நோக்கமே பொருந்துகிறது. இங்கே எத்தனை கிளையன்ட் மணிக்கணக்குப் பில்லை ஏற்கிறார்கள்? "மொத்தமா எவ்வளவு ஆகும், அதைச் சொல்லுங்க" என்பதுதான் வழக்கமான கேள்வி. அப்படியானால் நேரக்கணக்கு எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மொத்தத் தொகைக்கு வேலை எடுப்பவருக்குத்தான் நேரக்கணக்கு அதிகம் தேவை.

ஒரு கடையின் வலைத்தளத்தை 60,000 ரூபாய்க்கு ஒப்புக்கொள்கிறீர்கள். 40 மணி நேரத்தில் முடியும், மணிக்கு 1,500 என்று மனக்கணக்கு. முடித்தபின் குறிப்பைப் பார்த்தால் 75 மணி நேரம். மணிக்கு 800 ரூபாய்தான் கிடைத்திருக்கிறது. இதோடு விட்டால் வருத்தம்தான் மிஞ்சும். கூடுதலாகப் போன 35 மணி நேரம் எதில் போனது என்று குறிப்பு காட்டினால்தான் பயன். வடிவமைப்பும் நிரல் எழுதுவதும் நினைத்தபடி 40 மணியில் முடிந்திருக்கும். பொருள்களின் படத்தையும் விவரத்தையும் அவர்கள் அரைகுறையாக அனுப்ப, நீங்களே உட்கார்ந்து சரிசெய்தது 15 மணி. "இந்த நீலத்தைக் கொஞ்சம் மாத்திப் பார்க்கலாமா" வகைத் திருத்தங்கள் 12 மணி. போன் பேச்சு 8 மணி. அடுத்த கொட்டேஷனில் என்ன எழுத வேண்டும் என்பது இப்போது தெரிகிறது அல்லவா? விவரங்களைத் தயாரிப்பதற்குத் தனிக் கட்டணம், திருத்தம் இரண்டு சுற்றுவரை இலவசம், அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு.

இதற்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை. வடிவமைப்பு, உள்ளடக்கம், திருத்தம், பேச்சு என்று ஐந்தாறு வேலைப் பெயர்கள் போதும். 30 பெயர் வைத்தால் எதில் போடுவது என்று யோசித்தே ஒருவரும் எழுதமாட்டார்கள். டைமரை ஓட்ட மறந்தால் பிறகு கையால் எழுத வழி இருக்க வேண்டும். நெட் இல்லாத இடத்தில் குறித்தது பிறகு தானே போய்ச் சேர வேண்டும். குறித்த மணிகளிலிருந்து தேவையானதை மட்டும் தேர்ந்தெடுத்துப் பில்லுக்குள் இழுக்க முடிய வேண்டும். கிளையன்ட் பார்க்க வேண்டியது எது, நமக்கு மட்டும் தெரிய வேண்டியது எது என்பதை நாம் தீர்மானிக்க வேண்டும். மென்பொருள் தீர்மானிக்கக் கூடாது.

ஏஜென்சி நடத்துகிறவர்களிடம் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். ஊழியரின் திரையைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை படம் பிடிக்கிற, மவுஸ் அசையவில்லை என்றால் சும்மா இருந்ததாகக் குறிக்கிற மென்பொருள்கள் இருக்கின்றன. ஃப்ரீலான்ஸ் வேலை கிடைக்கும் அப்வொர்க் தளத்தில் மணிக்கணக்கு வேலைக்கு அப்படிப் படம் பிடிக்கும் நாட்குறிப்பு உண்டு. முகம் தெரியாத இருவருக்கு இடையில், பணத்துக்கு உத்தரவாதம் தரும் ஏற்பாடு அது. ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்கிற ஐந்து பேருக்குள் அதைக் கொண்டுவராதீர்கள். விளம்பர வாசகம் யோசிக்கிற பெண் ஜன்னலோரம் நின்று யோசித்த அரைமணி நேரமும் வேலைதான்; அந்த மென்பொருள் அதைச் சோம்பலாகக் காட்டும். அப்புறம் அவர் மவுஸை அசைக்கக் கற்றுக்கொள்வார், உண்மையை எழுதமாட்டார். நம்பி எழுதாத நேரக்கணக்கை வைத்துப் போடும் அடுத்த கொட்டேஷனும் தப்பாகத்தான் இருக்கும்.

பெயர்களைக் கேட்பீர்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் ஜோஹோ இன்வாய்ஸ், நேரக்கணக்கும் பில்லும் சேர்ந்தது. 2021-இல் அதை இலவசமாக்கினார்கள். இந்திய வரிமுறை அதில் இருக்கிறது. தனியாளுக்கும் சிறிய குழுவுக்கும் அதிலிருந்து தொடங்குவது நல்லது என்பேன். கிளாக்கிஃபை, எஸ்டோனியாவில் பிறந்த டாகிள், அமெரிக்காவில் பிறந்த ஹார்வெஸ்ட் ஆகியவை நேரம் குறிப்பதில் கைதேர்ந்தவை. வெளிநாட்டுக் கிளையன்ட்களுக்கு மணிக்கணக்கில் பில் போடுகிறவர்களுக்குப் பொருந்தும். தகவல் தன் சர்வரிலேயே இருக்க வேண்டும் என்பவர்களுக்கு, அதை நிறுவிப் பராமரிக்கத் தெரிந்த ஆள் கூட இருந்தால், கிமாய், இன்வாய்ஸ் நிஞ்சா ஆகியவை இருக்கின்றன. ஆளுக்கு இத்தனை டாலர் என்று மாதக் கட்டணம் வாங்கும் மென்பொருளில், வாரத்துக்கு ஒருநாள் வரும் பகுதிநேர உதவியாளரும் முழு ஆளாகத்தான் கணக்கில் வருவார் என்பதை மறந்துவிட வேண்டாம்.

விளம்பரத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், உங்கள் பழைய பில்களில் மூன்றை எடுங்கள். உள்ளூருக்கு ஒன்று, வெளிமாநிலத்துக்கு ஒன்று, அட்வான்ஸ் வாங்கி டிடிஎஸ்ஸும் பிடிக்கப்பட்ட பில் ஒன்று. சோதனைக் காலத்தில் அந்த மூன்றையும் புது மென்பொருளில் அப்படியே போட்டுப் பாருங்கள். பிறகு எல்லாத் தகவலையும் எக்செல் ஃபைலாக வெளியே எடுத்து ஆடிட்டருக்கு அனுப்பி, அவர் டேலியில் ஏற்றத் தோதாக இருக்கிறதா என்று கேளுங்கள். உள்ளே போட்டதை வெளியே எடுக்க முடியாத மென்பொருள் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். நேரக்கணக்கை இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள், அதுவும் குழுவில் இதையெல்லாம் செய்ய மிகவும் தயங்குகிறவரை வைத்து. அவர் எழுதினால் எல்லோரும் எழுதுவார்கள்.

மாறுவதற்கு ஏப்ரல் 1 தோதான நாள். புது நிதியாண்டு என்பதால் பில் எண் வரிசையைப் புதிதாகத் தொடங்கலாம். மார்ச் வரை போட்ட பில்களில் பணம் வராதவற்றை மட்டும் புது மென்பொருளில் பாக்கியாக ஏற்றிக்கொள்ளுங்கள். மற்றவற்றைத் திரும்பத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். பழைய வேர்டு, எக்செல் ஃபைல்களை அழித்துவிடாதீர்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள், அந்த ஆண்டுக்கான வருடாந்தரக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைக் காப்பாற்றி வைத்திருக்க வேண்டும்.