முழு அச்சும் மலைப் பாதையும்

நமது ஊர்க் கட்டை வண்டியின் அடியிலே, ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரை ஓடுகின்ற இரும்புத் தண்டினை இருசு என்கிறோம். ஒரு சக்கரம் கல்லின்மீது ஏறினால் இருசு சாய்கிறது. அதனோடு வண்டி முழுவதும் சாய்கிறது. இந்த எளிய தத்துவத்தின்மீதுதான் முதற்கால ஜீப்பும் அமைந்தது. 1941ஆம் ஆண்டு முதல் போர்க்களங்களில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் முன்னும் பின்னும் முழு அச்சுகளே இருந்தன. அவற்றின்மேல் பட்டை வில்களும் வில்களின்மேல் அடிச்சட்டமும் அமர்ந்திருந்தன. இருசோடு வண்டி சாய்வதைப்போல் அல்லாது, இடையிலே வில் நின்று சாய்வின் ஒரு பகுதியைத் தான் ஏற்றுக்கொண்டது.

காலப்போக்கில் சாலைகள் செம்மையுற்றன. வேகமும் சுகமும் வேண்டுமென்று மக்கள் கேட்டார்கள். ஆகவே முன் சக்கரங்கள் இரண்டையும் ஒன்றோடொன்று கட்டாமல், ஒவ்வொன்றையும் தனித்தனிக் கைகளில் தொங்கவிடும் முறை பரவிற்று. டொயோட்டா நிறுவனத்தின் நான்கு சக்கர இயக்கச் சிறு லாரி 1986ஆம் ஆண்டு மாதிரியில் முன்புற முழு அச்சினைக் கைவிட்டபோது, அமெரிக்க நாட்டில் பாறை ஏறுவோர் பழைய அச்சினைத் தேடி எடுத்துப் புதிய வண்டியில் பொருத்தத் தொடங்கினார்கள். நம் நாட்டிலும் இதே கதை நிகழ்ந்தது. 2010இல் வெளிவந்த மகிந்திரா தார் ஜீப்பின் சி.ஆர்.டி.இ. வகையில் முன் சக்கரங்கள் தனித்தனியே தொங்கின; பின்னே முழு அச்சு இருந்தது. பழைய மகிந்திரா ஜீப்பின் முன் அச்சினை வாங்கி அத்தகைய வண்டியில் ஏற்றும் ஆர்வலர்கள் பல நகரங்களில் தோன்றினார்கள்.

பிம்பிரி, ஆகுர்டி, சாக்கண் முதலிய இடங்களில் மோட்டார்த் தொழில் செழித்து வளர்ந்த புனேயில் இந்த ஆர்வம் எழுவது வியப்பன்று. அத்தொழிலை நம்பி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இங்கு உண்டு. நகரின் மேற்கே சகியாத்திரி மலை நிற்கிறது. தாம்ஹிணிக் கணவாயும் வரந்தாக் கணவாயும் அம்மலையைக் கடக்கும் வழிகள். படிப்படியாக அடுக்கிய கரும்பாறையும், மழைக்காலத்தில் கால் வைத்தால் வழுக்குகின்ற சேறும் அங்குள்ள காட்டுத் தடங்களின் இயல்பு. அத்தடத்திலே முழு அச்சு செய்யும் உதவி யாது என்பதை முதலில் காண்போம்.

இடச் சக்கரம் ஒரு பாறையின்மீது ஏறுகிறது என்று கொள்வோம். முழு அச்சாயின், இடமுனை உயர்ந்தவுடன் வலமுனை தராசுத் தட்டினைப்போல் கீழே அழுந்துகிறது. வலச் சக்கரம் தரையை விடாமல் பற்றிக்கொள்கிறது. தனித்தனியே தொங்கும் சக்கரங்களுக்கு இந்த உறவு இல்லை. அவற்றின் ஏற்ற இறக்கமும் பொதுவாகக் குறைவு. ஆதலின் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்க நேரும். பூட்டில்லாத டிபரன்ஷியலாயின், அந்தரத்தில் நிற்கும் சக்கரம் வீணே சுழலும். தரையிலுள்ள சக்கரம் அசையாது. இரண்டாவது நன்மை, தரைக்கும் டிபரன்ஷியல் பெட்டிக்கும் உள்ள இடைவெளி. முழு அச்சில் அப்பெட்டி சக்கரங்களோடு சேர்ந்து ஏறி இறங்குவதால், வண்டி குலுங்கி அமரும்போதும் இடைவெளி பெரும்பாலும் மாறுவதில்லை. தனித்தொங்கலில் பெட்டி அடிச்சட்டத்தோடு பிணைந்திருப்பதால், வண்டி அமரும்போது அதுவும் பாறையை நோக்கி இறங்குகிறது.

இந்த நன்மைகளைக் கேட்டவுடன், அச்சினை மாற்றினால் போதுமென்று எண்ணிவிடலாகாது. அச்சு ஒன்று மாறினால் அதனைச் சார்ந்த பத்துப் பொருள்கள் மாறியாக வேண்டும்.

முதலாவது, பற்சக்கர விகிதம். முன் அச்சும் பின் அச்சும் ஒரே விகிதத்தில் இருத்தல் வேண்டும். முன்னச்சின் விகிதம் 4.1 ஆகவும் பின்னச்சின் விகிதம் 4.5 ஆகவும் இருப்பின், நான்கு சக்கர இயக்கத்தைப் பூட்டியவுடன் இரண்டு அச்சுகளும் ஒன்றை மற்றொன்று இழுத்து, சுழல் தண்டையும் டிரான்ஸ்பர் கேஸையும் முறுக்கும். அவ்வாறே, டிபரன்ஷியல் பெட்டி அச்சின் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமே டிரான்ஸ்பர் கேஸின் முன் வாயும் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, ஸ்டீயரிங். உயிரோடு நேரே தொடர்புடைய உறுப்பு இதுவே. அடிச்சட்டத்தில் நிலையாகப் பொருத்திய ரேக் வகை ஸ்டீயரிங், மேலும் கீழும் ஆடும் முழு அச்சுக்கு ஒவ்வாது. அதை எடுத்துவிட்டு ஸ்டீயரிங் பெட்டியும் இணைப்புத் தண்டுகளும் அமைக்க வேண்டும். வில்லின்மீது அச்சு ஆடும் வளைவும், தண்டு ஆடும் வளைவும் ஒத்துவராவிட்டால், வண்டி பள்ளத்தில் இறங்கும்போது ஓட்டுநர் திருப்பாமலே சக்கரம் திரும்பும். சக்கரம் திரும்புவதற்கு ஆதாரமான முளையின் மேல்முனை சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். வண்டியை உயர்த்தும்போது இந்தச் சாய்வு குறைந்துவிட்டால், வளைவு கடந்தபின் ஸ்டீயரிங் தானே நேருக்கு வராது; வேகத்திலே முன் சக்கரங்கள் இரண்டும் நடுங்கத் தொடங்கவும் கூடும். மலைத்தடத்தில் மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் தென்படாத இக்குறை, மும்பை நோக்கிச் செல்லும் விரைவுச் சாலையில் தன்னை வெளிப்படுத்தும்.

மூன்றாவது, பற்றவைப்பும் பிரேக்கும். வில்லின் தாங்கிகளை அடிச்சட்டத்தில் பற்றவைக்கும் கை பழகிய கையாக இருத்தல் வேண்டும்; அத்தாங்கிகளே முன்பாரம் முழுவதையும் சுமக்கின்றன. அச்சு முன்னைவிடக் கீழே தொங்குமாதலால், பிரேக்கின் ரப்பர்க் குழாய் அதற்கேற்ற நீளம் பெறாவிட்டால் இழுபட்டு அறுந்துவிடும். இவற்றோடு, முழு அச்சின் எடை வில்லின் தாங்கலைப் பெறாத எடையாதலால், சாதாரணச் சாலையில் குலுக்கல் மிகும் என்பதையும் மறத்தலாகாது.

ஆகவே, பாறையில் நமக்குக் கிடைக்கும் பிடிப்பு, சாலையில் பிறருக்கு ஆபத்தாக மாறும் வழி திறந்தே இருக்கிறது. எதிரே வரும் பேருந்திலுள்ளோரும் ஓரமாக நடந்து செல்லும் பள்ளிச் சிறுவரும் நமது பட்டறையின் வேலையை நம்பியே வருகின்றனர். அவ்வாறு நம்புகிறோம் என்பதை அவர்கள் அறியார். சட்டம் இவ்விடத்தில் குறுக்கிடுவதன் நியாயம் இதுவே. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டப்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு.

ஒரு மாதிரி வண்டி சாலைக்கு வருமுன் எத்தனை சோதனைகளைக் கடக்கிறது என்பதைப் புனேவாசிகள் நன்கு அறிவர். 1966இல் நிறுவப்பெற்ற இந்திய மோட்டார் ஆராய்ச்சிச் சங்கம் இந்நகரின் கோத்ரூடுப் பகுதியில்தான் இருக்கிறது. பிரேக்கு, ஸ்டீயரிங் முதலிய உறுப்புகளை அத்தகைய நிலையங்கள் அளந்து பார்த்துச் சான்றளிக்கின்றன. தெருவோரப் பட்டறையில் கைக்கணக்கால் செய்த மாற்றத்திற்கு அந்தச் சான்று இல்லை.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனிக் கவலை ஒன்றும் உண்டு. கோயம்புத்தூரிலோ சேலத்திலோ பதிவான வண்டியைப் புனேக்குக் கொண்டுவந்து பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருப்பின், பாரத் வரிசை எண் பெற்ற வண்டி நீங்கலாக, மகாராட்டிரத்தின் புதுப் பதிவெண் பெறவேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தார் வண்டியையும் ஏட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, மாற்றிய வண்டி வாயிலிலேயே நின்றுவிடக்கூடும். விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனமும் இதே கேள்வியை எழுப்பலாம். ஊரிலிருந்து அண்ணனோ மாமனோ மலிவாகக் கொடுக்கும் பழைய ஜீப்பாயினும், அடியிலே குனிந்து பார்த்துவிட்டு வாங்குவதே நன்று.

அவ்வாறாயின் முழு அச்சினை விரும்புவோர் என் செய்வது? பிறக்கும்போதே முழு அச்சோடு பிறந்த வண்டியைத் தேர்வதே செவ்விய வழி. மாருதியின் பழைய ஜிப்சியில் முன்னும் பின்னும் பட்டை வில்லோடு கூடிய முழு அச்சுகள் இருந்தன. 2023இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஜிம்னியில் சுருள் வில்லோடு அவ்வாறே அமைந்துள்ளன. இரண்டுக்கும் நடுவழி வேண்டுவோர், புனே நிறுவனமான போர்ஸ் மோட்டார்ஸ் 2021இல் வெளியிட்ட கூர்க்காவை நோக்கலாம். அதில் முன் சக்கரங்கள் தனித்துத் தொங்குகின்றன. ஆயினும் இரண்டு அச்சுகளிலும் டிபரன்ஷியல் பூட்டு உண்டாதலால், ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றாலும் மற்றது இழுக்கிறது. முழு அச்சு தரும் பிடிப்பின் பெரும்பகுதியை அந்தப் பூட்டு வேறு வழியாகத் தந்துவிடுகிறது.

போட்டிக்கென்றே ஒரு வண்டியை மாற்றத் துணிவோர், அதனைப் பொதுச் சாலையில் ஓட்டாமல் லாரியில் ஏற்றிச் சென்று வேலியிட்ட திடலில் மட்டும் இறக்குதல் பொருந்தும். அதற்கும் முன்னதாகப் போக்குவரத்து அலுவலகத்தில் விதிகளைக் கேட்டறிதல் வேண்டும். மோட்டார்த் தொழிலில் கைதேர்ந்த நம் இளைஞர்கள், நண்பர் ஒருவர் இவ்வேலையைக் கேட்டு வரும்போது, செய்ய முடியும் என்று சொல்வதற்கு முன் இந்த விவரங்களையெல்லாம் அவருக்கு எடுத்துச் சொல்வார்களாக. அச்சினைப் பூட்டத் தெரிவதைப் போலவே, எந்த வண்டியில் அதனைப் பூட்டலாகாது என்று சொல்லத் தெரிவதும் தொழிலறிவில் சேர்ந்ததே.