பொட்டலம் பேசும் மொழி

(ஓவேலியில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

இவ்வூரின் பெயரிலிருந்தே தொடங்குகின்றேன். ஓவேலி என்கின்றோம். வேலி நம் சொல்லாயிற்றே. ஆகவே இது தமிழ்ப்பெயர்தான் என்று வெளியூரார் எண்ணுவர். உண்மை வேறு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்குக் காட்டை அழித்துக் குளம்பித் தோட்டம் போட்ட ஆக்டர்லோனி என்னும் வெள்ளைக்காரக் குடும்பத்தின் பெயரால் இது 'ஆக்டர்லோனி வேலி' எனப்பட்டது. வேலி என்பது பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். குடும்பப்பெயர் சுருங்கி 'ஓ' என்னும் ஒற்றையெழுத்தாயிற்று. இந்த மண்ணின்மேல் பிறர் ஒட்டிவிட்டுப் போன சீட்டு அது. அன்றாடம் அதைச் சொல்கின்றோம். அதன் பொருளை அறியோம். ஊர்ப்பெயரின் பொருள் தெரியாததால் எவர்க்கும் வயிற்றுவலி வாராது. ஆனால் நம் பிள்ளைகள் உண்ணும் பொருளின்மேல் ஒட்டிய சீட்டும் அப்படியே பொருள் விளங்காமல் இருக்குமானால் என்னாவது? அதைப் பற்றியே இன்று பேச வந்தேன்.

வணிகம் வளர்கின்றது, நுகர்வோர் பழக்கம் மாறுகின்றது என்று ஏடுகள் எழுதுகின்றன. அம்மாற்றத்தைப் பெருநகரத்து அடுக்கு அங்காடிகளில் மட்டுமே காண வேண்டுமென்பதில்லை. எல்லமலையிலும் பெரியசோலையிலும் உள்ள சின்னஞ்சிறு கடைகளிலேயே காணலாம்.

முன்பு இக்கடைகளில் மூட்டைகள் வாய்திறந்து நின்றன. அரிசியைக் கையில் அள்ளிப் பார்ப்போம். பருப்பை வாயிலிட்டுக் கடித்துப் பார்ப்போம். எண்ணெயை முகர்ந்து பார்ப்போம். தேயிலைத் தூளை உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்போம். ஐயம் எழுந்தால் கடைக்காரரைக் கேட்போம். அவர் தமிழில் விடை சொல்வார். பொய் சொன்னால் மறுநாளே அவரைப் பிடித்துக் கேட்கலாம். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாத்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து வந்து இம்மலையில் குடியேறிய குடும்பத்தார் பலர் இங்கு இருக்கின்றீர்கள். பற்றுக் கணக்கில் பொருள் வாங்கிச் சம்பள நாளில் கணக்குத் தீர்த்த வாழ்க்கையை நீங்கள் அறிவீர்கள். அதில் ஏமாற்றும் இருந்தது, இல்லையென்று சொல்லேன். ஆனால் ஏமாற்றியவன் முகம் தெரிந்தது. அவன் பேச்சும் புரிந்தது.

இன்று மூட்டை போய்ப் பொட்டலம் வந்துவிட்டது. இதில் தமிழர் பங்கும் உண்டு. சாம்பு என்னும் முடிகழுவு நீர்மத்தைச் சிற்றுறையில் அடைத்து ஏழையும் வாங்கும் சிறுவிலைக்கு விற்கலாம் என்று 1970களில் வழிகாட்டியவர் கடலூர்ச் சின்னிகிருட்டிணன். அவர் மகனார் அரங்கநாதன் 1983இல் தொடங்கிய தொழில் அச்சிற்றுறையாலேயே சிற்றூர்தோறும் பரவியது. முழுப் புட்டி வாங்க இயலாத உழைப்பாளிப் பெண்ணும் ஒரு வேளைக்கு வேண்டியதை வாங்கிக்கொள்ள முடிந்தது. இதை நன்மையென்றே சொல்வேன்.

1991க்குப் பின் சந்தை திறந்துவிடப்பட்டது. இந்நீலமலையில் 1905இல் வெண்ணெய்க் கடையாகத் தோன்றி, மலையின் பெயரையே தாங்கித் தென்னாட்டு நகரங்களில் பரவிய அங்காடி நிறுவனம், 2014இல் மும்பைக் குழுமமொன்றின் கைக்குப் போயிற்று. பல்பொருள் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு வரை வெளிநாட்டு முதலை 2012இல் நடுவணரசு ஒப்புக்கொண்டது. தமிழக அரசு அதனை எதிர்த்தது. ஆயினும் 2018இல் அமெரிக்க வால்மார்ட்டு நிறுவனம் பிளிப்கார்ட்டு என்னும் இணைய வணிக நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கிற்று. இன்று நம் இளைஞர் கைப்பேசியைத் தடவினால் பொருள் ஏதோ ஒரு கிடங்கிலிருந்து புறப்பட்டுவிடுகின்றது. விற்றவன் முகமும் தெரியாது. விளைந்த ஊரும் தெரியாது.

இங்கேதான் என் கருத்தை நீங்கள் ஊன்றிக் கேட்க வேண்டும். மூட்டைக்கு எழுத்துத் தேவையில்லை. கண்ணும் மூக்கும் நாக்கும் போதும். பொட்டலமோ கண்ணுக்கும் மூக்குக்கும் நாக்குக்கும் வழியடைத்துவிட்டது. உள்ளே இருப்பது என்ன, எந்நாளில் அடைத்தது, எந்நாள்வரை உண்ணலாம், யார்க்கு ஆகாது என்பதையெல்லாம் சொல்ல எஞ்சியிருப்பது உறைமேலுள்ள எழுத்து ஒன்றே. விற்பவனின் வாய் இப்போது அந்த எழுத்துத்தான். அந்த வாய் எம்மொழியில் பேசுகின்றது?

அண்மையில் ஒரு தோட்டப் பாடியில் நான் கண்டதைச் சொல்கின்றேன். மூதாட்டி ஒருவர், பெயர்த்திக்குக் கொடுக்க வைத்திருந்த மாவுணவு உறையை ஆறாம் வகுப்புப் பையனிடம் நீட்டி, "எந்நாள் வரைக்கும் கொடுக்கலாம், பார்த்துச் சொல்லப்பா" என்றார். பையன் கெட்டிக்காரன். "பெசுட்டு பிபோர்" என்று எழுத்துக்கூட்டி முழுவதையும் படித்துவிட்டான். "அப்படியென்றால் என்ன?" என்று அவர் கேட்டார். பையன் விழித்தான். அடைத்த நாளிலிருந்து ஆறு திங்களுக்குள் உண்க என்பது அதன் பொருள். அடைத்த நாளோ உறையின் மடிப்பில், புள்ளி புள்ளியாக, பாதி அழிந்து கிடந்தது. கணக்கிட்டுப் பார்த்தோம், நாள் கடந்து மூன்று திங்கள் ஆகியிருந்தது. அந்த அம்மையார் என்னைப் பார்த்துக் கேட்டார்: "நான் படிக்காதவள், எனக்குத் தெரியவில்லை. இவன் படித்தவன், இவனுக்கும் ஏன் தெரியவில்லை?" அவ்வினாவுக்கு அன்று என்னால் விடை சொல்ல முடியவில்லை.

விடை சட்டத்தில் இருக்கின்றது. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, உறைமேல் இருக்க வேண்டிய செய்திகள் தேவநாகரி எழுத்திலான இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும். பிறமொழியைச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லையாம்! தடையில்லை என்பது வேறு. கட்டாயம் என்பது வேறு. ஆகவே நிறுவனத்தார் என்ன செய்கின்றனர்? தொலைக்காட்சியில் தேனொழுகத் தமிழ் பேசி விளம்பரம் செய்கின்றனர். உறையின் முன்பக்கத்தில் பொருளின் பெயரையும் தமிழில் பெரிதாகப் பொறிக்கின்றனர். பின்பக்கத்தைத் திருப்பினால் நுண்ணெழுத்தில் முழுதும் ஆங்கிலம்! விற்பதற்குத் தமிழ், விளக்குவதற்கு ஆங்கிலம். இதில் வடநாட்டு நிறுவனத்தை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. தமிழர் நிறுவனங்கள் பலவும் இதையே செய்கின்றன.

நுகர்வோர்க்குப் பொருளின் தரம், அளவு, தூய்மை, விலை ஆகியவற்றை அறியும் உரிமை உண்டென்று 1986ஆம் ஆண்டுச் சட்டமும் சொன்னது. அதன் இடத்திற்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கின்றது. புரியாத மொழியில் அறிவித்துவிட்டு, அறிவித்தாயிற்று என்றால் அவ்வுரிமை எங்கே நின்றது?

இன்னொன்று கேளுங்கள். தேயிலைச் செடிக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியின் உறையில், அது விற்கப்படும் பகுதியின் மொழியும் இடம்பெற வேண்டுமென்று 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி நெறிமுறைகள் கட்டாயமாக்கியுள்ளன. நன்று! நஞ்சுக்குத் தமிழ் வேண்டும் என்று உணர்ந்த நாடு, குழந்தையின் உணவுக்குத் தமிழ் வேண்டும் என்று உணராதது ஏன்? நாம் கடையில் நீட்டும் பணத்தாளின் பின்புறத்தில் 15 மொழிகளுள் ஒன்றாகத் தமிழ் அச்சாகியிருக்கின்றது. கொடுக்கும் பணம் தமிழ் பேசுகின்றது. வாங்கும் பொருள் பேச மறுக்கின்றது.

சிறு உறையில் இடமேது என்பர். கனடாவின் கியூபெக்கு மாநில மக்கள்தொகை ஒரு கோடியை எட்டவில்லை. அங்கு விற்கும் பொருள்மேல் பிரெஞ்சு இருந்தாக வேண்டுமென்று 1977இல் சட்டம் செய்தனர். பிரான்சு 1994இல் அதையே செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு உணவு நெறிமுறையும், விற்கப்படும் நாட்டின் நுகர்வோர் எளிதில் புரிந்துகொள்ளும் மொழியில் செய்தி இருக்க வேண்டும் என்கின்றது. நம் நாட்டிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் உணவு உறையில் அரபு எழுத்து ஏறுகின்றது. அங்கெல்லாம் கிடைக்கும் இடம், 7 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் தமிழ்நாட்டுக்கு வரும்போது மட்டும் எங்கே ஒளிந்துகொள்கின்றது?

2023 மார்ச்சில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தயிர் உறையில் 'தகி' என்னும் இந்திச் சொல்லை இடுக. வட்டாரச் சொல்லைப் பிறைக்குறிக்குள் அடைக்க என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் பணித்தது. தமிழகமும் கருநாடகமும் எதிர்த்தன. அத்திங்கள் 30ஆம் நாளே ஆணை திருத்தப்பட்டது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அது சான்று. ஆனால் அன்று முன்பக்கத்துச் சொல் ஒன்றைக் காத்தோம். பின்பக்கத்தை எவரும் திருப்பிப் பார்க்கவில்லை.

எனவே மூன்று செய்திகளை உங்கள்முன் வைக்கின்றேன். ஒவ்வொரு மாநிலத்திலும் விற்கும் பொருள்மேல் அம்மாநில மொழி கட்டாயம் என்று நடுவணரசு நெறிமுறையைத் திருத்துக! அதுவரை, தமிழக அரசின் நிறுவனங்களும் கூட்டுறவுகளும் தம் உறைகளின் எல்லாச் செய்தியையும் தமிழில் அச்சிட்டுப் பிறர்க்கு வழிகாட்டுக! மூன்றாவது நம் கடமை. பொருள் வாங்கும்போது உறையைத் திருப்புங்கள். "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். அவர்க்குத் தெரியாவிட்டால் தமிழில் எழுதிய வேறு பொருளைக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் சிரிப்பார். ஊரே கேட்டால், சரக்குக் கொண்டுவரும் முகவரிடம் அவர் கேட்பார். இங்குப் பணியர், குறும்பர், மலையாளம் பேசுவோர் எனப் பலரும் நம்மோடு வாழ்கின்றனர். அவர்க்கும் புரியும்படி படித்துச் சொல்வது நம் பிள்ளைகளின் தொண்டாகட்டும்.

பள்ளத்தாக்கின்மேல் ஒட்டிய சீட்டை நம் முன்னோர் கேள்வி கேட்கும் நிலையில் இல்லை. நாம் இருக்கின்றோம். அந்த மூதாட்டியின் வினாவுக்கு, அவர் பெயர்த்தி வளர்ந்து கடைக்குப் போகும் நாளுக்குள்ளேனும் விடை கிடைக்கச் செய்வோம்.